சவுக்காரம் பூசிய தாங்கி

பெற்றோல் தாங்கியின் அடியில் ஒழுக்குக் கண்டால், உடுப்புத் தோய்க்கும் சவுக்காரக் கட்டியை எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்துவிடுவது பழைய கார் ஓட்டுகிறவர்கள் அறிந்த கைவைத்தியம். அது பலிக்கவும் செய்கிறது. சவுக்காரம் நீரில் கரையும், பெற்றோலில் கரையாது. ஊசிமுனைத் துளைக்குள்ளும் தாங்கியின் இரு தகடுகள் சேரும் விளிம்பிலும் இறங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது வழி கிடைக்காமல் உள்ளேயே நின்றுவிடும். பாலாவியைத் தாண்டிக் கற்பிட்டி வீதியில் இருட்டிய பிறகு தாங்கி ஒழுகத் தொடங்கினால் இதைவிட நல்ல யோசனை ஒன்றைச் சொல்வது கடினம். ஆகவே சவுக்காரம் தோற்றுப்போகும் என்பதல்ல என் மனதை உறுத்துவது. அது வென்ற பிறகு என்ன நடக்கிறது என்பதுதான். துளி நின்றவுடன் கேள்வியும் நின்றுவிடுகிறது. ஏன் ஒழுகியது, எவ்வளவு காலமாக ஒழுகியது, துருப்பிடித்தது அந்த ஓர் இடம்தானா, அல்லது தகடு முழுவதும் மெலிந்து அந்த இடத்தில் மட்டும் முதலில் வாய் திறந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பூசியவர் மறக்கிறார். வண்டி கைமாறுகிறது. பூச்சின்மேல் சேறு படிகிறது, சேற்றின்மேல் யாரோ கறுப்புத் தார்ப்பூச்சு அடிக்கிறார்கள். சில வருடங்கள் கழித்து அந்தத் தாங்கியைக் கழற்றி நெருப்பு வைக்கப்போகிற ஒருவருக்கு அதன் வரலாறு எதுவும் தெரியாது. பழுது பார்ப்பதில் பாதி வேலை, அடுத்து அதைத் தொடப்போகிற கைக்குச் செய்தி விட்டுச் செல்வது என்று நினைக்கிறேன். அந்தச் செய்தியை அழித்துவிடுகிற அடைப்பு, ஒழுக்கைவிட மோசமானது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க மனிதரிடம் இருப்பவை மூக்கும் கண்ணும் காதும். புத்தளக் கரையில் முதலிரண்டும் எளிதாக ஏமாறும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும்போது கற்பிட்டித் தீவக்குறையில் மணம் எழுந்த இடத்தில் நிற்பதில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே எழாமல் நிலத்தோடு ஊர்ந்து போகும். காரின் பின்புறத்துத் தாங்கியில் கசிவது முன்கதவருகே மணக்கும். நிறுத்திய திசையை மாற்றினால் மணக்காமலே போகும். அதைவிடப் பெரிய ஏமாற்று மூக்கின் சொந்தக் குணத்தில் இருக்கிறது. தொடர்ந்து வரும் மணத்தை அது சில நிமிடங்களுக்குள் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். தினமும் அந்தக் காரில் ஏறுகிறவருக்கு அது ‘காரின் வாசம்’ ஆகிவிடுகிறது. என்றாவது ஒருநாள் ஏறும் விருந்தாளிதான் முகத்தைச் சுளிக்கிறார். காரை அதிகம் நேசிப்பவர் அதன் நோயைக் கடைசியாக அறிகிறார். கண்ணின் கதையும் இதுதான். பெற்றோல் துளி சீமெந்துத் தரையில் விழுந்தால் ஈரம் உடனே காய்ந்துவிடும். கற்பிட்டி மணலில் விழுந்தால் மணல் அதைக் குடித்துவிடும், அடையாளமே இராது. அந்த மணலுக்குச் சில மீற்றர் கீழேதான் கிணற்று நீர் இருக்கிறது என்பது வேறு கவலை. துளி விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பதும் அரிது. தாங்கியின் வாயிலுள்ள றப்பர்க் குழாய் வெடித்தால், பெற்றோல் இரும்புக் குழாயோடு வழிந்து சென்று அதன் தாழ்ந்த வளைவில் போய்ச் சொட்டும். சொட்டும் இடத்தில் பசை பூசியவர் நல்ல குழாய்க்கு மருந்து போட்டிருப்பார். போர்த்தடையால் ஆனையிறவுக்கு அப்பால் பெற்றோல் போகாத 1990களில், யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களும் ஒஸ்டின் ஏ40களும் மண்ணெண்ணெயில் ஓடின; கிளப்புவதற்கு மட்டும் காபரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டார்கள். மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் ஆவியாகாது; கசிந்த இடத்தில் எண்ணெய்ப்பசையாக நின்று தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே ஓட்டை, அதே குழாய், ஆனால் மண்ணெண்ணெயில் சாட்சி தங்குகிறது, பெற்றோலில் தப்பி ஓடுகிறது. பெற்றோல் விட்டுச் செல்லும் ஒரே தடயம் தவிட்டு நிறத்தில் மெல்லிய கறை. அதைத் தேடவேண்டியவர் முதலில் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, சுண்ணக்கட்டித் தூளோ முகப்பவுடரோ தூவி, கீழே அட்டை விரித்து, ஓர் இரவு சும்மா இருக்கவேண்டும். இந்தச் சும்மா இருத்தலுக்குக் கூலி கேட்க எந்த மெக்கானிக்குக்கும் வாய் வருவதில்லை. கொடுக்க எந்தச் சொந்தக்காரருக்கும் மனம் வருவதில்லை.

காது ஏமாறுவது குறைவு. மொறிஸ் மைனரில் தாங்கி பின்னால், மின்சாரத்தில் இயங்கும் எஸ்.யூ. பம்பு முன்னால் எஞ்சின் அறையின் பின்சுவரில். சாவியைத் திருப்பினால் அது டிக் டிக்கென்று அடித்து, காபரேட்டரின் மிதவை அறை நிறைந்ததும் அடங்கவேண்டும். எஞ்சின் ஓடாத நேரத்திலும் சற்றைக்கொருதரம் ஓர் அடி கேட்டுக்கொண்டிருந்தால், பம்புக்கு அப்பால் எங்கோ பெற்றோல் வெளியேறுகிறது, அல்லது மிதவையின் ஊசி வால்வு சரியாக மூடவில்லை, அல்லது பம்பின் சொந்த வால்வே பின்னோக்கி விடுகிறது. நிற்காமல் விரைந்து அடித்தால், தாங்கி வெறுமை. இல்லையேல் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் குழாய் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டாவது வகைதான் யோசிக்க வைப்பது. தாங்கியிலிருந்து முன்வரை நீளும் குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். அதில் ஓட்டை விழுந்தால், கார் ஓடும்போது பெற்றோல் வெளியே சொட்டாது. வெளிக்காற்று உள்ளே போகும். ஒழுக்கு இருக்கிறது, ஈரம் இல்லை. ஏற்றத்தில் எஞ்சின் இழுக்காமல் திணறுவது மட்டும் தெரியும். உடனே காபரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள். இதைவிட விசித்திரமானது எழுபது எண்பதுகளின் ஜப்பான் கார்களில் எஞ்சினோடு பொருத்தப்பட்ட பம்பு. அதற்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் பெற்றோல் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கக்கூடும். ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தால் குறைந்திருக்கவேண்டிய ஒயில் கூடியிருக்கும். ஒயில் குடிக்காத எஞ்சின் என்று மகிழ்கிறவர் கம்பியை மூக்கருகே கொண்டுபோவதில்லை. நீர்த்துப்போன ஒயிலில் பெயரிங்குகள் தேயும். ஒயில் தொட்டிக்கு மேலே ஆவி தேங்கும். ஆக, சொட்டுவது மட்டும்தான் ஒழுக்கு என்று வைத்துக்கொண்டால் ஒழுக்குகளில் பாதியைத் தவறவிடுவோம். சொட்டை நிறுத்துவதுதான் பழுதுபார்த்தல் என்றால் மிச்சப் பாதியையும் தவறவிடுவோம்.

இந்தக் கரைக்கென்று ஒரு மாயை உண்டு. புத்தளம் வரண்ட பிரதேசம், மழை குறைவு, எனவே இரும்பு நீடிக்கும் என்பது அது. புத்தளத்தில் உப்பளங்கள் இருப்பதற்குக் காரணமும் அந்த வரட்சிதான். மழை தள்ளிப்போகும் காலங்களில் களப்பின் உட்பகுதி கடலைவிட உப்பாகிவிடும். ஆனால் உப்புக்கு ஒரு குணம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையும். கரையோரத்து இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பகலில் காரின் அடியில் படிந்த உப்புத்தூள் இரவில் உப்புநீராகிறது, காலையில் மறுபடி தூளாகிறது. ஒரு சொட்டு மழை பெய்யாமல் தகடு இரவு தவறாமல் நனைகிறது. தாங்கியைத் தாங்கும் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே, குழாயைப் பிடிக்கும் கிளிப்பின் அடியில், சேறு ஒட்டிய மூலையில், காய நேரமில்லாத இடங்களில்தான் துளை விழும். உள்ளேயும் இதே வேலை நடக்கிறது. பாதி வெறுமையான தாங்கியின் உட்சுவரில் வியர்க்கும் நீர் பெற்றோலைவிடப் பாரமானதால் அடியில் போய்த் தங்கும். அங்கிருந்து வெளிநோக்கி அரிக்கும். இப்படி இரண்டு பக்கமும் தின்னப்பட்ட தகட்டின்மேல் ஒரு பூச்சு ஏறினால் துளை மூடும், துரு மூடாது. பூச்சின் விளிம்புக்கு அடியில் உப்பும் ஈரமும் அகப்பட்டு, கண்ணுக்குப் படாமல் துரு பக்கவாட்டில் நடக்கும்.

இங்கே சவுக்காரத்துக்காக ஒரு வார்த்தை பேசவேண்டியிருக்கிறது. நீரில் கரையும் என்பதே அதன் நற்குணம். ஒரு மழை, ஒரு சேற்றுக்குழி, சேர்விஸ் நிலையத்தில் ஒரு கழுவல் போதும். அது போய்விடும், துளி திரும்பிவிடும். தான் தற்காலிகம் என்பதை அது எப்படியும் ஒப்புக்கொண்டுவிடுகிறது. இரண்டு குழம்பைப் பிசைந்து ஒட்டும் எபொக்சிப் பசை அப்படியல்ல. அது கல்லாகி, பூச்சு ஏறி, தாங்கியின் அங்கமாகவே தோன்றத் தொடங்கிவிடும். இறுகிய றப்பர்க் குழாய்க்குப் பதிலாக மாட்டப்படும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாயும் இந்த வகைதான். உள்ளே பெற்றோல் ஓடுவது கண்ணுக்குத் தெரிவதால் நம்பிக்கை தருகிறது. பெற்றோல் அதன் மிருதுவைக் கழுவிக்கொண்டு போய் மஞ்சளித்த குச்சியாக்கிவிடும். ஒருநாள் கிளிப்பின் அருகே முறியும். ஆகவே என் முறைப்பாடு சவுக்காரத்தின்மேல் இல்லை, சவுக்காரம் செய்த வேலையை நிரந்தரம் என்று எழுதிக்கொள்ளும் மனத்தின்மேல்.

கொஞ்சம் ஒழுகினால் என்ன என்பது முதல் ஆட்சேபம். கணக்கிட்டுப் பார்க்கலாம். பெற்றோல் துளி நீர்த்துளியைவிடச் சிறியது. ஒரு மில்லிலீற்றருக்கு 50 துளி என்று வைத்தால், வினாடிக்கு ஒரு துளி ஒழுகும் தாங்கி ஒரு மணிநேரத்தில் 72 மில்லிலீற்றரை இழக்கும், ஒருநாளில் 1.7 லீற்றருக்குச் சற்று மேல், ஒரு கிழமையில் 12 லீற்றர். பத்து வினாடிக்கு ஒரு துளி என்றால் கிழமைக்கு 1.2 லீற்றர். 2022இல் இந்தக் கணக்குக்கு உயிர் வந்தது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டிருந்தது, பிறகு கியூ.ஆர். அட்டை வந்து ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்தது. அந்த இருபதில் பன்னிரண்டு போனால் எவரும் கவனிப்பார். ஒன்றேகால் போனால்? அது ஆறு சதவீதம். எதிர்க்காற்றில் நுரைச்சோலை வரை போய்வந்த செலவோடு அது கலந்துவிடும். ‘பழைய எஞ்சின், கொஞ்சம் குடிக்கும்’ என்ற சமாதானத்துக்குள் அடங்கிவிடும். தட்டுப்பாடு மக்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தது என்று சொல்வார்கள். பெரிய ஒழுக்குகளை அளக்கக் கற்றுக்கொடுத்தது என்பதே சரி. அளவுக்குள் ஒளிந்துகொள்ளும் சின்ன ஒழுக்குத்தான் நீண்ட ஆயுள் கொண்டது. சவுக்காரம்கூடக் கிடைக்காமல், யாரும் பார்க்காமல், அது நிலைத்துவிடுகிறது. புகைப் பரிசோதனையும் அதைப் பிடிக்காது. 2008இலிருந்து வருடாவருடம் நடக்கும் அந்தச் சோதனையில் இயந்திரம் அளப்பது புகைக்குழாயின் வாயில் வரும் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும். எரிவதற்கு முன்பே வழியில் ஆவியாகிப் போனதற்குச் சான்றிதழில் எண் கிடையாது.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு நியாயம் அதிகம். சாமான் எங்கே என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடம் நாட்டில் இருந்த பழைய கார்கள்தான் நாட்டின் கார்கள். இருப்பதை வைத்து ஓட்டியவனிடம் போய், அசல் தாங்கியும் அசல் குழாயும் மாட்டு என்று சொல்வது வயிறு நிறைந்தவனின் உபதேசம். இதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்த ஆட்சேபம் அடைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்குகிறது. அடைத்ததை ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்பதை விளக்கவில்லை. அந்த வித்தியாசம் முக்கியமானது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர் தாம் மண்ணெண்ணெயில் ஓட்டுவதை அறிந்திருந்தார். பெற்றோல் வந்த நாளில் எதை மாற்றவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். வறுமையின் கெட்டித்தனம் தன்னை வறுமையின் கெட்டித்தனமாகவே நினைவில் வைத்திருக்கும்வரை மரியாதைக்குரியது. சாமான் வந்த பிறகும் அதே அடைப்போடு கார் விற்பனைக்கு நிற்கும்போது அதற்கு இன்னொரு பெயர் இருக்கிறது. அதோடு, ஒழுக்குகளில் எல்லாவற்றுக்கும் கப்பலில் சாமான் வரவேண்டியதில்லை. கிளிப்பை அளவுக்குமீறி இறுக்கி றப்பரை வெட்டிவிட்டது, மிதவையின் ஊசியில் தூசு நின்றது, தண்ணீர்க் குழாய்க்குரிய றப்பரைப் பெற்றோலுக்கு மாட்டியது போன்றவற்றுக்குத் தேவையானது பணத்தைவிடப் பொறுமை.

மூன்றாவது ஆட்சேபம் அனுபவத்தின் பெயரால் வருகிறது: இத்தனை வருடம் ஓடியது, எரியவில்லையே. எரிந்த கார் வந்து சாட்சி சொல்வதில்லை என்பது இதற்கு முதல் பதில். இரண்டாவது பதில் பெற்றோலின் இயல்பு. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிற திரவம் அது. காற்றில் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் ஒரு பொறி போதும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் எரியாது. அத்தனை வருடமும் அந்தக் காரைக் காப்பாற்றியது இந்த ஒடுக்கமான இடைவெளியும் கரைக்காற்றும்தான். பூட்டிய கராஜில், காற்று விழுந்த ஒரு பின்மாலையில், அந்தப் பாதுகாப்பு இல்லை. மொறிஸ் மைனரில் காபரேட்டர் சூடான புகைக்கிளைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வடிவமைத்தவர்கள் அதை அறிந்துதான் மிதவை அறையிலிருந்து வழிவதை ஒதுக்குப்புறமாகக் கீழே இறக்க ஒரு குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயைத் தேவையில்லாதது என்று கழற்றி வீசுவதும் மறைத்தலின் இன்னொரு வடிவம். எல்லாவற்றிலும் ஆபத்தானது வெறும் தாங்கி. நிறைந்த தாங்கிக்குள் ஆவி எரியமுடியாத அளவுக்குச் செறிந்திருக்கும். வடித்து வெயிலில் வைத்த தாங்கிக்குள்தான் அது சரியான கலவைக்கு வரும். தையலோரத்தில் எபொக்சிக்கு அடியில் ஊறிய பெற்றோல், கழுவிய பிறகும் சூடு பட்டதும் வெளியே வரும். பூசியவர் மறைத்தது தாங்கியின் ஓட்டையை மட்டுமல்ல, வெல்டிங் கடைக்காரருக்குக் கிடைத்திருக்கவேண்டிய எச்சரிக்கையையும்.

செய்தி சொன்னால் மட்டும் போதுமா என்று என் வாதத்தையே திருப்பிக் கேட்கலாம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது மாலுமிகளுக்குத் தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டார்கள். இரண்டு துறைமுகங்களும் மறுத்தன. கசிந்தபடியே கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரமிட்டது. மே 20இல் தீ, ஜூன் தொடக்கத்தில் பின்பகுதி கடலடியில். அந்த அமிலத்திலிருந்தே தீ தொடங்கியது என்று பரவலாகக் கருதப்படுகிறது. பிளாஸ்ரிக் குருணைகள் நீர்கொழும்புக் கரையை மூடின, மேற்குக் கரையோரமாக வடக்கேயும் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குப் போகமுடியாமல் இருந்தார்கள். அங்கே ஒழுக்கை யாரும் மறைக்கவில்லை. செய்தி இருந்தது, அதை ஏற்கக் கடமைப்பட்ட கை இல்லை. ஆகவே என் வாதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது: அறிந்தவர் சொல்லவேண்டும், கேட்டவர் அதைத் தன் பொறுப்பாக ஏற்கவேண்டும், ஒன்றில்லாமல் மற்றது ஒழுக்கைக் கடத்திக்கொண்டு போகும் வேலையை மட்டுமே செய்யும். கார் விற்கிறவர் சொல்லாமல் விடுவதற்கும் வாங்குகிறவர் கேட்காமல் விடுவதற்கும் இடையில் இரண்டு பேருக்கும் வசதியான ஒரு மௌனம் இருக்கிறது. விலை பேசும்போது பெயின்ரைத் தடவிப் பார்க்கிறோம், கதவை அடித்துப் பார்க்கிறோம். தாங்கியின் அடியில் விரலை ஓட்டி மணந்து பார்ப்பதில்லை.

நடைமுறையில் இது சொல்வது அதிகமில்லை. வீதியில் ஒழுகினால் சவுக்காரத்தைத் தேயுங்கள், சிகரெட்டை எறியுங்கள், மெதுவாக வீடு வந்து சேருங்கள். மறுநாள் சவுக்காரத்தைக் கழுவிவிட்டு, துடைத்துக் காயவைத்து, துளி எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். விழும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். பெற்றோலுக்கென்று செய்த றப்பர்க் குழாயை மட்டும் மாட்டுங்கள். கிலோமீற்றர் ஓடவில்லை என்று ஐந்து வருடத்துக்கு மேல் அதை நம்பவேண்டாம். தாங்கியைக் கழற்றினால் கழுவி, நீர் நிரப்பி, இன்ன பெற்றோல் இருந்தது, இன்ன இடத்தில் பசை பூசியிருந்தது என்று சொல்லி வெல்டிங் கடைக்காரரிடம் கொடுங்கள். எதையும் மாற்ற வசதியில்லாமல் அடைத்துத்தான் ஓடவேண்டும் என்றால், அடைத்த இடத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாகனப் புத்தகத்தோடு வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தத் துண்டையும் சேர்த்துக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும்.